பெரியது ஒன்று, சின்னது இரண்டு

ஆடி 2, வெள்ளி

இந்த டைரி என் வீட்டுக்காரருடையது. மதுரையில் ஆல்பம் அடித்துக் கொடுக்கிற லேப்காரர்கள் வருசா வருசம் கொடுப்பது. எந்தத் தேதியில் என்ன விசேஷம், எந்த மண்டபம், எத்தனை லைட் என்று அவர் இதில்தான் எழுதி வைப்பார். ஆடியில் விசேஷம் கிடையாது. அதனால் இந்த மாதம் முழுக்க வெள்ளைத் தாள். வீணாகப் போகிறதே என்று நான் எழுதுகிறேன். ஆறாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்.

சித்திரையில் ஒரு முகூர்த்தம் முடித்துவிட்டு வந்து கேமராவைக் கீழே வைத்தார். தண்ணீர் கேட்டார். செம்போடு நான் திரும்பி வருவதற்குள் போய்விட்டார். அதை எழுத இந்த டைரியை எடுக்கவில்லை. கடையைப் பற்றி எழுதத்தான் எடுத்தேன்.

கடை திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில். தவமணி வீடியோஸ். ஸ்டெல்லா ஒன்பது வருசமாக எடிட்டிங் வேலை பார்க்கிறாள். எடுத்த வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு முடிப்பது அவள்தான். அவர் எடுத்து வைத்துவிட்டுப் போன விசேஷம் ஐந்து இன்னும் முடிக்காமல் கிடக்கிறது. ஆவணிக்கு அவர் ஒத்துக்கொண்டது வேறு இருக்கிறது. பழையதைக் கொடுக்காமல் புதியதில் கை வைக்கக் கூடாது என்பார். ஆடி முடிவதற்குள் ஐந்தையும் கொடுத்துவிட்டால் கடை நிற்கும். இல்லாவிட்டால் திருப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இன்று பார்த்து கம்ப்யூட்டர் திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடு வந்தது. சேலைக் கரை மாதிரி. ஸ்டெல்லா அணைத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி கோடு.

"அக்கா, கிராபிக்ஸ் கார்டு போகப் போகுது. கடைசி மூச்சு விடுது" என்றாள். சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கார்டைத்தான சொல்ற. சொல்லு" என்றேன்.

அந்தப் பெட்டிக்குள் செங்கல் அளவுக்கு ஒன்று இருக்கும், மேலே இரண்டு விசிறியோடு. திரையில் படம் தெரிவதற்கும், வெட்டி ஒட்டியதை ஒரே படமாகச் சமைத்து இறக்குவதற்கும் அதுதான் வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தக் கார்டும் கடையுடையது இல்லை. மாசியில் கடைக் கார்டு புகைந்து போனபோது வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததை அவர் கழற்றிக்கொண்டு வந்தார். "அடுத்த மாசம் புதுசு வாங்கிருவோம் பேச்சி" என்றார். அன்றிலிருந்து வீட்டுப் பெட்டிக்குக் கண் இல்லை.

ஆடி 3, சனி

பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்து ஸ்டெல்லா வேலை பார்த்தாள். அவளுக்குக் காற்று இல்லை. பெட்டிக்குத்தான் காற்று.

ஆடி 5, திங்கள்

ஸ்டெல்லாவும் நானும் மதுரைக்குப் போனோம். சிக்கந்தர் பாய் கடையில்தான் அவர் எப்போதும் வாங்குவார். பாய் "வாங்க மதினி" என்று எழுந்தார். முகத்தைப் பார்க்காமலேயே டீ சொன்னார். எழவுக்கு வர முடியாததை இரண்டு தடவை சொல்லி வருத்தப்பட்டார். பிறகுதான் கார்டு.

மேசை மேல் ஒரு பெரிய டப்பாவை வைத்தார். பக்கத்தில் இரண்டு சின்ன டப்பா.

"வெல ஒண்ணுதான் மதினி. இந்தப் பெருசு ஒண்ணு எடுத்துக்கலாம். இல்லாட்டி இந்தச் சிறுசு ரெண்டு."

ஸ்டெல்லா பெரிய டப்பாவைத் தடவிப் பார்த்தாள். புதுச் சேலையைத் தடவுகிற மாதிரி. "ரெண்டு மணி நேரக் கல்யாணத்தை இது அரை மணியில எறக்கிரும்க்கா" என்றாள்.

"சின்னது?"

"மத்தியானச் சோத்துக்கு வச்சா சாயங்கால டீக்கு எறக்கும்."

"ரெண்டு சின்னதையும் ஒரே பெட்டியில போட்டா?" என்று கேட்டேன்.

பாய் சிரித்தார். "எல்லாரும் கேக்குறதுதான். ரெண்டு மாடு பூட்டுன வண்டி மாதிரி நெனைக்கிறீங்க. இவுக வேலைக்கு அது ஆகாது. ஒரு மாடு இழுக்கும், இன்னொண்ணு சும்மா கூட நடந்து வரும். தீனி மட்டும் ரெண்டுக்கும் போடணும்."

"எங்க வீட்டுக்காரரு மாதிரி" என்றாள் ஸ்டெல்லா.

பாய்க்கு டீ புரையேறிவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் சித்திரையிலிருந்து சிரிக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. வாயைச் சேலையால் துடைத்துக்கொண்டேன்.

"அப்ப ரெண்டு யாருக்கு?"

"ரெண்டு பெட்டி இருக்கவங்களுக்கு. ரெண்டு பேரு உக்காந்து வேலை பாக்குற எடத்துக்கு."

"நம்மகிட்ட ஆளு ஒண்ணுதான" என்றாள் ஸ்டெல்லா.

யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். பஸ்ஸில் வரும்போது, "ரெண்டா இருந்தா ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்குமே" என்றேன்.

"பெருசு அம்புட்டு லேசுல போகாதுக்கா. மூணு வருசம் கேரண்டி."

அவர் மட்டும் லேசில் போகிற ஆளாகவா இருந்தார் என்று கேட்க வந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆடி 6, செவ்வாய்

கடைக்குக் கொஞ்சம் பிந்திப் போனேன். வீட்டுக் கம்ப்யூட்டரைத் துடைத்தேன். அதன் மேல் போட்டிருந்த துண்டைத் துவைத்துப் போட்டேன். சும்மாதான். தூசி சேர்ந்தால் இருமல் வருகிறது.

ஆடி 8, வியாழன், அமாவாசை

வெண்டைக்காய் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல் வைத்துக் காக்காய்க்குப் போட்டேன். படத்துக்குப் பூப் போட்டேன். படம் என்றால் வாக்காளர் அட்டையில் இருந்து பெரிதாக்கியது. அதில் கண் சரியாகத் தெரியாது. இருபத்தாறு வருசம் ஊரையெல்லாம் படம் பிடித்தவருக்குப் படம் இல்லை. அவர் போன அன்று பிளெக்ஸ் அடிக்க ஸ்டெல்லா கடை முழுக்கத் தேடினாள். எல்லாப் படத்திலும் அவர் கேமராவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறார்.

சாயங்காலம் தேன்மொழி பேசினாள். "கடையைக் குடுத்துட்டு வந்துரும்மா. தனியா என்னத்துக்கு அல்லாடுற" என்றாள். எப்போதும் சொல்வதுதான். பிறகு, "ஏம்மா, என் கல்யாண வீடியோவுல அப்பா இருப்பாருல்ல? அதை அப்பா எடிட் பண்ணவே இல்லையே, அது எங்க இருக்கு?" என்றாள்.

அவள் கல்யாணம் நடந்து நாலு வருசம் ஆகிறது. அன்றைக்கு மட்டும் கேமராவை ஒரு சிநேகிதர் கையில் கொடுத்துவிட்டுப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். ஊரார் வேலை முடியட்டும், நம்ம வேலை எங்கே போகிறது என்று தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டார்.

"எங்க இருக்கோத்தா, தேடித்தான் பாக்கணும்" என்றேன்.

போனை வைத்துவிட்டு வீட்டுக் கம்ப்யூட்டரை இன்னொரு தடவை துடைத்தேன்.

ஆடி 10, சனி

சாப்பிடும்போது ஸ்டெல்லா சொன்னாள். மதுரையில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் அவளைக் கூப்பிடுகிறார்களாம். அங்கே எல்லாப் பெட்டியிலும் பெரிய கார்டுதானாம்.

"போறியா?"

"போறேன்னு சொல்லலக்கா. கூப்பிட்டாகன்னு சொன்னேன்."

"போகலைன்னும் சொல்லல."

அவள் தட்டில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தாள். தின்னவில்லை. "இந்தப் பெட்டியோட மல்லுக்கட்ட முடியலக்கா. நேத்து நாலு தடவ படுத்துருச்சு. பாதி வேலை போச்சு. அண்ணன் இருந்தா திட்டிக்கிட்டாவது செய்யலாம். இப்ப திட்டக்கூட ஆளு இல்ல."

பெரியதே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அவள் போய்விட்டால் கடையைத் திறந்து வைத்து நான் என்ன செய்வது? வாசல் தெளித்துக் கோலம் போடலாம், அவ்வளவுதான்.

ஆடி 12, திங்கள்

நான் மட்டும் போய்ப் பெரியதை வாங்கி வந்தேன். பாய், "நல்ல முடிவு மதினி. சீல் உடைச்சுட்டா மட்டும் திரும்ப எடுக்க மாட்டேன், பாத்துக்கங்க" என்றார். இந்தக் கார்டுக்கு இப்போது இருக்கிற பவர் சப்ளை பத்தாதாம். அதைவிடப் பெரியது வெள்ளிக்கிழமைதான் வருமாம். அதுவரைக்கும் டப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் மிக்ஸியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஸ்டெல்லாவுக்கு ரொம்ப சந்தோசம். டப்பா மேல் இருந்த எழுத்தையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினாள். நானும் நல்லது என்று தலையாட்டினேன். நல்லதுதான்.

வீட்டுக்கு வந்து, துவைத்த துண்டை அந்தப் பெட்டி மேல் போட்டு மூடிவிட்டேன்.

ஆடி 13, செவ்வாய்

ஐந்தில் முதலாவது முடிந்தது. கள்ளிக்குடி செல்லக்கிளி மகளுக்குக் காதுகுத்து. பழைய கார்டிலேயே ஃபேனைப் போட்டுப் போட்டு ஸ்டெல்லா இறக்கிவிட்டாள். செல்லக்கிளியே வந்து வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. காதில் சின்னக் கம்மல். இனி நாலு.

ஆடி 15, வியாழன்

காலையில் கடை திறந்ததும் செல்லக்கிளி மாடிப்படியில் திமுதிமுவென்று ஏறி வந்தாள். பென்டிரைவை மேசை மேல் போட்டாள்.

"என் சின்ன அண்ணன் எங்கத்தா?"

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பெரிய அண்ணன் மடியில பிள்ளைய வச்சுக் காது குத்துறது இருக்கு. எங்க சின்ன அண்ணன் பால்ச்சாமி மடியில வச்சு மறு காது குத்துனமே, அது எங்க? பட்டாளத்துல இருந்து பத்து நாள் லீவு போட்டு, அதுக்குன்னே அஸ்ஸாம்ல இருந்து வந்தவன். மடியில பிள்ளை அழுகுதுன்னு இவனும் அழுதான். ஊரே பாத்துச்சு. படத்துல மட்டும் இல்ல!"

ஸ்டெல்லா முகம் வெளுத்துவிட்டது. "ஒரே மாதிரி ரெண்டு தடவ வந்துச்சுங்க. ரிப்பீட்டுன்னு நெனச்சு ஒண்ணை எடுத்துட்டேன்" என்றாள்.

"ரிப்பீட்டா? ஏம்மா, காது ரெண்டு, மாமன் ரெண்டு. ஒரு காது இவனுக்கு, ஒரு காது அவனுக்குன்னு பேசி வச்சுச் செஞ்சது. உனக்கு ரிப்பீட்டா? போன்ல அனுப்பி விட்டேன். பாத்துட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டான். 'நான் வந்தேனா, வரலையா'ன்னான். அதோட சரி, பேச மாட்டேங்கிறான். அங்கிட்டு எல்லையில நிக்கிறவன். நான் என்ன பதில் சொல்ல?"

அழுதுவிட்டாள். நான் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "எடுத்தது எங்கயும் போகாதுத்தா. உள்ளதான் இருக்கும். நாலு நாள் குடு. உன் அண்ணனை நான் படத்துல உக்கார வைக்கிறேன்" என்றேன்.

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆடி 16, வெள்ளி

ஸ்டெல்லாவின் கண் வீங்கியிருந்தது. "நான் இதுக்கு லாயக்கில்லக்கா" என்றாள். அவள் வேளாங்கண்ணிப் பக்கம் பிறந்தவள். அவர்கள் வீட்டில் காதுகுத்து என்றால் ஆசாரியிடம் போய்க் குத்திக்கொண்டு வருவது. இரண்டு மாமனுக்கு இரண்டு காது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அவர் சொல்வார். அவர் இருந்தவரை, எடுத்ததையெல்லாம் முதலில் உட்கார்ந்து பார்த்துப் பிரிப்பார். இது வேண்டும், இது வேண்டாம், இவரை விட்டால் சண்டை வரும் என்று தனித்தனியாகப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அவள் கை வைப்பாள். சித்திரைக்குப் பிறகு பிரிக்க ஆள் இல்லை. அவள் மொத்தத்தையும் தலையில் சுமந்துகொண்டு பாட்டுக்கு வெட்டியிருக்கிறாள்.

ஒன்றை எழுத வேண்டும். இந்த டைரியை ஆடியில் இருந்துதான் திறந்தேன். முன் பக்கங்களைப் புரட்டவில்லை. சித்திரை கண்ணில் பட்டுவிடுமே என்று. இன்று செல்லக்கிளி வீட்டு விசேஷத் தேதியைத் தேடிப் பங்குனிக்குப் போனேன். அவர் கையெழுத்து. "கள்ளிக்குடி. காதுகுத்து. காலை 9. லைட் 1. மாமன் 2."

மாமன் 2 என்று எழுதி வைத்திருக்கிறார். பதினைந்து நாளாக இந்த நோட்டு என் கையில்தான் இருக்கிறது.

ஸ்டெல்லாவிடம் காட்டினேன். "உன் தப்பு இல்ல. என் தப்பு" என்றேன். அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நானும் அவளுமாக வெட்டாத முழு வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். நான் பின்னால் ஸ்டூலில். எப்போதும் சாப்பாட்டுக் கூடையோடு வந்து உட்காருகிற அதே ஸ்டூல். அவர் பிரிக்கும்போது "இது யாரு பேச்சி?" என்று கேட்பார். எனக்கும் அவர்களைத் தெரியாதுதான். ஆனால் பார்த்தால் தெரியுமே. முதல் தட்டைத் தூக்கி வருகிறவள் அத்தை. மாலையை எடுத்துக் கொடுக்கிறவன் மாமன். ஓரமாக நின்று முகத்தை உம்மென்று வைத்திருப்பவர் பத்திரிகையில் பேர் விட்டுப்போனவர்.

"நில்லு, அந்தப் பச்சைச் சட்டை. அவனை விடாத, அவன்தான் பால்ச்சாமி" என்றேன்.

"எப்படிக்கா தெரியும்?"

"முடி வெட்டுனதைப் பாரு. பட்டாளம்."

பத்து நிமிசம் ஓடியது. கோடு வந்தது. பெட்டி அணைந்தது.

ஸ்டெல்லா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க பிரிச்சுக் குடுங்க. நான் வெட்டுறேன். அண்ணன் மாதிரியே."

"நான் இந்தப் பெட்டியில உக்காந்தா நீ எங்க உக்காருவ?"

அவள் பெரிய டப்பாவைப் பார்த்தாள். அதன் மேல் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். "வீட்டுல அண்ணன் பெட்டி ஒண்ணு சும்மா கெடக்குல்ல?"

"கெடக்கு. தூசி அடைஞ்சு போயிருக்கும்" என்றேன்.

ஆடி 17, சனி

மறுபடி மதுரை. இரண்டு பேரும் போனோம். டப்பா என் மடியில்.

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் மதினி, கல்யாணப் பட்டா இது? கலர் பிடிக்கலைன்னு மாத்துறதுக்கு?"

"சீல் உடைக்கல பாய். சிறுசு ரெண்டு குடுங்க."

"இந்தப் பொண்ணுதான பெருசு பெருசுன்னு நின்னுச்சு?"

"வேகமாத் தப்பு பண்ணி என்ன பண்ணப் போறேன் பாய்?" என்றாள் ஸ்டெல்லா. சொல்லும்போது அவள் கண் பெரிய டப்பா போகிற பக்கமே இருந்தது. பாய் அதை அலமாரியின் உச்சியில் வைக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது.

"மதுரைக்காரங்களுக்கு என்ன சொல்லப் போற?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"விசாரிச்சேன்க்கா. சாப்பாட்டு நேரம் இருபது நிமிசம்தானாம். நான் மீன் தின்னவே அரை மணி நேரம் ஆகும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சின்னதுக்குப் பழைய பவர் சப்ளையே போதுமாம். அது ஒரு மிச்சம்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. தெருவில் பெண்கள் எல்லாரும் தாலிக்கயிறு மாற்றப் புறப்பட்டார்கள். மஞ்சள் வாசனை வீட்டுக்குள் வரை வந்தது. போன வருசம் நானும் போனேன். இன்று கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம் என்றிருந்தேன்.

பத்தரை மணிக்கு ஸ்டெல்லா வந்துவிட்டாள். சர்ச்சில் இருந்து நேராக, வெள்ளைச் சேலையோடு, கையில் ஸ்குரூ டிரைவர். "கதவத் தெறங்கக்கா, எம்புட்டு நேரம் தட்டுறது!"

துண்டை எடுத்தாள். பெட்டியை விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. என்னைப் பார்த்தாள். நான் காபி போடப் போய்விட்டேன்.

காபியோடு வரும்போது பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. திரை முதலில் கறுப்பாக இருந்தது. பிறகு நீலம். ஐந்து மாதம் கழித்துக் கண் திறந்தது. ஸ்டெல்லா எதையோ தேடினாள். "தேன்மொழி கல்யாணம்னு ஒரு போல்டர் இருக்குக்கா" என்றாள். "போடவா?"

"உன் இஷ்டம்" என்றேன்.

போட்டாள். போட்டுவிட்டு, துணி காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். நான் துணியே துவைக்கவில்லை. அவளுக்கும் தெரியும்.

அவர் இருந்தார். பட்டு வேட்டி, மீசைக்கு மை. கல்யாணத்தைப் பார்க்காமல் கேமராக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மேல் கேமரா வந்தால் கையை ஆட்டுகிறார். என்னை எடுக்காதே, அங்கிட்டு எடு என்று. அங்கிட்டு என்றால் நான் நிற்கிற பக்கம். கேமரா திரும்பினால் நான். மறுபடி அவர் மேல் வந்தால் மறுபடி கை. மறுபடி நான். தாலி கட்டும்போதும் கையை ஆட்டினார். அப்போது என் முகத்தை எடுத்திருக்கிறார்கள். நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஒரு முகம் இருந்தது தெரியாது.

இந்தப் படத்தில் கண் நன்றாகத் தெரிகிறது அவருக்கு.

ஸ்டெல்லா இறங்கி வர ஒரு மணி நேரம் ஆனது. வெயிலில் முகம் சிவந்திருந்தது. இரண்டு பேருமாகக் கறிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

ஆடி 19, திங்கள்

வீட்டுப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு வந்தோம். ஸ்டெல்லா மேசைக்குப் பக்கத்தில் என் மேசை. ஸ்டூலைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டாள்.

"வேணும்" என்று ஒரு போல்டர், "வேண்டாம்" என்று ஒரு போல்டர். பிடித்து இழுத்துப் போட வேண்டியது. மவுஸ் என் கையில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது.

ஆடி 20, செவ்வாய்

"அக்கா, எல்லாத்தையும் 'வேணும்'லயே போட்டுருக்கீங்க. 'வேண்டாம்' காலியா கெடக்கு."

"யாரைத்தான் வேண்டாங்கிறது?"

"இந்தா, இந்தாளு மூணு நிமிசமா பாயாசம் குடிக்கிறாரு."

"பெண்ணோட பெரியப்பா அவரு."

"பெரியப்பாவா இருந்தாலும் ஒரு மடக்கு போதும்க்கா!"

ஆடி 21, புதன்

பால்ச்சாமி படத்தில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளை அழ, அவனும் அழ, பெரிய அண்ணன் துண்டால் இரண்டு பேர் மூக்கையும் துடைத்துவிடுகிறார். இதையா ரிப்பீட்டு என்று எடுத்தேன் என்று ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். நாலு நாள் சொன்னேன், ஆறு நாள் ஆகிவிட்டது. செல்லக்கிளி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

சின்னக் கார்டு மெதுவாகத்தான் இறக்குகிறது. அந்த நேரத்தில் நான் அடுத்ததைப் பிரிக்கிறேன். ஸ்டெல்லா வடை வாங்கப் போகிறாள்.

ஆடி 23, வெள்ளி

செல்லக்கிளி போன் பண்ணினாள். அண்ணன் பேசிவிட்டானாம். அங்கே கூட இருக்கிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினானாம். நீ எதுக்குடா அழுதேன்னு எல்லாரும் கேலி பண்ணுகிறார்களாம். "தையில எங்க நாத்தனா கல்யாணம். நீங்கதான் எடுக்கணும்த்தா" என்றாள்.

அடுத்த தைக்கு இந்த டைரியில் பக்கம் இல்லை. மார்கழிக் கடைசியில் எழுதி வைத்தேன்.

ஆடி 29, வியாழன்

ஐந்தில் நாலு கொடுத்தாயிற்று. மவுஸ் இப்போது என் பேச்சைக் கேட்கிறது.

ஆடி 31, சனி

ஐந்தும் முடிந்தது.

தேன்மொழி மறுபடி எப்போது வருகிறாய் என்று கேட்டாள். தீபாவளிக்கு வருகிறேன், நாலு நாள் இருப்பேன் என்றேன். "நாலு நாளா?" என்றாள். ஐப்பசியில் முகூர்த்தம் இருக்கிறதே என்றேன். அவள் சிரித்த சத்தம் அவள் அப்பா சிரிக்கிற மாதிரியே இருந்தது.

ஆவணி 5, வியாழன்

இந்தப் பக்கத்தில் அவர் ஏற்கனவே எழுதியிருக்கிறார். "கப்பலூர். மாப்பிள்ளை அழைப்பு மாலை 6. லைட் 2. மாமன் 3." அதற்குக் கீழே இருக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

கேமராவுக்குத் தேன்மொழி கல்யாணத்தை எடுத்த அதே சிநேகிதர் வருகிறார். நானும் கூடப் போகிறேன். யாரை எடுக்க வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும் என்று அவரேதான் கேட்டார்.

காலையில் கொஞ்சம் நேரம் இருந்தது. தேன்மொழி கல்யாணத்தைப் பிரித்து முடித்தேன். ஸ்டெல்லா போட்டுப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணன் ஒன்பது எடத்துல ஒரே மாதிரி கையை ஆட்டுறாரு. ரிப்பீட்டு" என்றாள். சொல்லிவிட்டு, "ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தை எடுக்கவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணையும் எடுக்காத."

"படம் நீளமாயிரும். சின்ன கார்டுக்கா, சமைக்கச் சாயங்காலம் வரை ஆகும்."

"ஆகட்டும். அது பாட்டுக்கு ஓடட்டும், நீ சாப்பிட வா."

இரண்டு பெட்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. லைட் இரண்டும் எடுத்து வைத்துவிட்டேன். கப்பலூருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மாமன் மூன்று இல்லை, நாலு. ஒருவர் சண்டையில் இருந்தாராம், இப்போது சேர்ந்துவிட்டாராம். அவர் எழுதியதை அடிக்காமல், பக்கத்தில் 4 என்று எழுதினேன்.